பீரோ பிறந்த கதை

ஆடையும் நகையும் வைத்துப் பூட்டும் பெட்டகத்தை நாம் பீரோ என்கிறோம். மலாய்க்காரருக்குப் பீரோ என்பது ஓர் அமைப்பின் கிளைப் பிரிவு, ஜெர்மானியருக்கு அலுவலகம். ஆங்கிலேயர் எழுதுமேசையையும் அலுவலகத்தையும் அச்சொல்லாலேயே குறிப்பர். இவை யாவும் 'பியூரோ' என்னும் ஒரு பிரெஞ்சுத் தாயின் மக்களே.

அத்தாய் பிறந்த இடம் யாது? அரண்மனையன்று, ஏழையின் உடை. பழைய பிரெஞ்சு மொழியில் முரட்டுக் கம்பளிக்குப் 'பியூர்' என்று பெயர். எளியோரும் துறவிகளும் உடுத்திய துணி அது. அவ்வகைத் துணியைக் கணக்கர் தம் மேசைமீது விரித்துப் பணம் எண்ணினர். நாளடைவில் துணியின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அறைக்கும், அறையின் பெயர் அங்கு அமர்ந்த உத்தியோகஸ்தருக்கும் ஆயிற்று. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்பது இதுவேயன்றோ!

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வர்த்தக அதிகாரியாயிருந்த குர்னே (1712–1759) என்பார், மேசையே நாட்டை ஆளும் நிலை கண்டு வருந்தினார். பியூரோவுடன் ஆட்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை இணைத்து, 'மேசையாட்சி' என்னும் பொருளில் ஒரு புதுச்சொல் படைத்தார். அவர் மறைந்தபின், கிரிம் என்னும் எழுத்தாளர் 1764-இல் எழுதிய கடிதத்தால் இச்செய்தி வெளிப்பட்டது. நாம் அதிகார வர்க்கம் எனக் கூறுவது அச்சொல்லின் பொருளையே.

எனினும் மேசையை முற்றும் பழித்தல் முறையாகாது. ஆள் பார்த்து நீதி வழங்காமல், எழுதிய விதிப்படி யாவரையும் ஒன்றாக நடத்துவதே அதன் இலட்சணம் என ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் (1864–1920) விளக்கினார். அவ்விதி வழுவாதவரை மேசை எளியோனுக்கு அரண். வழுவினாலோ, அவனைத் தடுக்கும் சுவர்.

தமிழில் வந்த பீரோவின் கதை வேறு. ஆங்கிலேயரின் பியூரோ இழுப்பறைகள் கொண்ட மேசை. அமெரிக்காவிலோ அது துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. தமிழில் மேசை மறைந்து பெட்டகமே எஞ்சியது. துணியாய்ப் பிறந்த சொல் துணியைக் காக்கும் பணிக்கே மீண்டது.

மேசைக்கு அப்பால் அமர்ந்து பேரேடு எழுதும் கிராணிகளாகிய நாம் இவ்வரலாற்றை மறத்தலாகாது. நம் பதவிக்குப் பெயர் தந்தது, மேசைக்கு இப்பால் நிற்கும் ஏழை உடுத்திய துணி. அவன் கணக்கைப் பிழையின்றி எழுதுவதே அத்துணிக்கு நாம் செலுத்தும் கடன்.