பத்தியும் ஐந்து கேள்விகளும்

'கோமடி நேற்றுத் தவலூரில் பிளந்தது.' இவ்வாக்கியத்துக்குப் பொருள் ஏதுமில்லை. ஆயினும், 'கோமடி எங்கே பிளந்தது?' என்று கேட்டால், 'தவலூரில்' என்று எவரும் விடை எழுதிவிடலாம். முழு மதிப்பெண்ணும் பெறலாம். ஆங்கிலத் தேர்வில் ஒரு சிறு பொது அறிவுப் பத்தியையும் அதன்கீழ் ஐந்து கேள்விகளையும் காணும் நம் பிள்ளைகளுள் பலர் செய்வது இதைத்தான். கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடுகின்றனர். அது அகப்பட்ட வரியை அப்படியே பெயர்த்து எழுதுகின்றனர். பொருளுணராமலேயே தேர்வு முடிந்துவிடுகிறது.

இத்தேர்வுமுறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிரெடெரிக் கெல்லி என்பார் 1914-15 ஆண்டுகளில் மௌன வாசிப்புத் தேர்வொன்றை அமைத்தார். சிறு சிறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே சரியான விடை, குறித்த நேரம் என்பன அதன் இயல்புகள். திருத்துவோரின் மனப்போக்குக்கு இடம் தராமல் விரைவாக அளப்பதே நோக்கம். 1917-இல் உளவியலறிஞர் எட்வர்ட் தார்ன்டைக், மாணவரின் தவறான விடைகளை ஆராய்ந்து, பத்தியொன்றை வாசிப்பது கணக்கொன்றைத் தீர்ப்பது போன்ற சிந்தனைச் செயல் என்று காட்டினார். அளக்கும் முறை எங்கும் பரவியது. அவர் காட்டிய உண்மை அந்த அளவுக்குப் பரவவில்லை.

நம் நாட்டில் இதைக் கருத்தூன்றி ஆராய்ந்தவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட். இந்தியப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்பை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தினாலும் அதுவரை கற்றது பயன்தர வேண்டுமே என்று அவர் கவன்றார். பேச வாய்ப்பற்றவனுக்கும் வாசிக்கும் திறன் கைகொடுக்கும் என்பது அவர் முடிவு. 1926-இல் இக்கருத்துகளை நூலாக வெளியிட்டார். புதிய சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தி, மீண்டும் மீண்டும் வரச்செய்யும் வாசகங்களையும் எழுதினார்.

சென்னை மாநிலத்தில் 1959-இல் மற்றொரு பெருமுயற்சி தொடங்கியது. ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு, பயின்றோர் பிறருக்குப் பயிற்றுவிக்கும் தொடர்முறையில் மறுபயிற்சி தரத் திட்டமிட்டனர். அது வாக்கிய அமைப்புகளுக்கு முதலிடம் தந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் என். எஸ். பிரபு நடத்திய சோதனையோ வேறு வழி சென்றது. மாணவரிடம் புகைவண்டி அட்டவணையைத் தந்து, 'இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் சேர எந்த வண்டி ஏறுவாய்?' என்பது போன்ற சிக்கல்களை அவிழ்க்கச் செய்தனர். விடையைப் பெயர்த்தெழுத வழியில்லை. சிந்தித்தே ஆக வேண்டும்.

சிந்திக்கவோ முன்னறிவு வேண்டும். 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதியொன்றைத் தந்தனர். ஆட்டத்தை அறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர், அதை அறியாத தேர்ந்த வாசகரைவிட நன்றாக விளங்கிக்கொண்டனர்.

இதைக் கல்வராயன் மலைக் கரியாலூரில் வைத்து எண்ணிப் பார்ப்போம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த மலை இது. இங்கே பல வீடுகளில் பள்ளிப் படியேறும் முதல் தலைமுறை இன்றும் உண்டு. பனிச்சறுக்கைப் பற்றிய பத்தியைத் தந்து, விடை தெரியாத மலைவாழ் பிள்ளையை 'ஆங்கிலம் வராதவன்' என்று முத்திரை குத்துவது நீதியாகுமா? சாமைக் கதிரும், மரவள்ளித் தோட்டமும், கடுக்காயும், தேனடையும் அவன் அறிந்த உலகம். தேனீயைப் பற்றிய பத்தியில் தொடங்கினால் பாதிப் பொருள் அவனிடமே இருக்கிறது. அறியாத சொல்லையும் அவ்வறிவால் ஊகித்துக்கொள்வான். அங்கிருந்து கடலுக்கும் விண்ணுக்கும் படிப்படியாக அழைத்துச் செல்லலாம். புதிய செய்தியை முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பின்னர் ஆங்கிலப் பத்தியைத் தருவதும் குறுக்குவழியன்று, அடித்தளமே.

பெற்றோரும் மாலை வகுப்பு நடத்தும் இளைஞரும் செய்யக்கூடியது எளிது. நாளுக்கொரு சிறு பத்தி போதும். வாசித்தபின் நூலை மூடிவைத்து, 'என்ன சொல்லியிருக்கிறது?' என்று தமிழிலேயே கேளுங்கள். 'ஏன்?' என்ற கேள்வி ஒன்றேனும் இருக்கட்டும். அதற்கு விடை எந்த வரியிலும் அப்படியே கிடைக்காது. பிள்ளையின் சிந்தையிலிருந்துதான் வர வேண்டும்.