உள்ளூர்க்காரன் வாங்கமாட்டான் என்ற கணக்கு

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடைப்பட்ட மல்லாங்கிணறு போன்ற பேரூர்களில் புதிதாகக் கடை வைக்க நினைப்பவருக்கு முதலில் கிடைப்பது ஒரு புத்திமதி. இந்த ஊரில் நல்ல சரக்கு போகாது, காசுள்ளவன் விருதுநகருக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிவிடுவான், மிச்சமிருப்பவன் கடன் சொல்வான் என்பார்கள். கேட்பதற்கு அனுபவம் பேசுவதுபோல இருக்கும். ஆனால் சொல்பவர்களில் எத்தனை பேர் உள்ளூர்க்காரனை நம்பிச் சரக்கு இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று விசாரித்தால் பேச்சு நின்றுவிடும். இந்த வட்டாரத்தின் வணிகம் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவந்த முறையில் உள்ளூர்க்காரனுக்கு விற்பவன், உழைப்பவன் என்ற இரண்டு இடங்கள்தான் இருந்தன. வாங்குபவன் என்ற இடத்தில் அவனை வைத்து யாரும் கணக்குப் போடவில்லை. போடாத கணக்கின் விடைதான் மேற்படி புத்திமதி என்பது என் கட்சி.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிய வண்டிகளோடு வடக்கே வந்த நாடார் வியாபாரிகள், வழியில் மாட்டுக்கும் சரக்குக்கும் பாதுகாப்பாகப் பேட்டைகள் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில், சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் காலூன்றிய கதையை விரிவாகச் சொல்கிறார். 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றபோது கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. 1870களின் நடுவில் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. அப்போது விருதுபட்டி என்றிருந்த ஊர் (1923இல்தான் விருதுநகர் ஆனது) பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, பயறு, எண்ணெய் எல்லாவற்றையும் சுற்றுக் கிராமங்களிலிருந்து உறிஞ்சி வெளியே அனுப்பும் மண்டியாக வளர்ந்தது. ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) படத்துக்கு மருதகாசி எழுதிய ‘மணப்பாறை மாடுகட்டி’ பாட்டில்கூட, விளைந்ததை விற்றுப் பணத்தை எண்ணுவதற்கு உழவன் போவது விருதுநகர் வியாபாரியிடம்தான். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராக அந்த வியாபாரி ஆகிவிட்டார். எண்ணிய பணத்தோடு ஊர் திரும்பிய உழவன் அடுத்து என்ன வாங்கினான், யாரிடம் வாங்கினான் என்ற கேள்வி மட்டும் மண்டிக்கு எழவில்லை. மண்டிக்கு அது தேவையும் இல்லை. அதன் லாபம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் வடக்குச் சந்தையிலும் இருந்தது.

சிவகாசி இதே பாடத்தை வேறு விதமாகப் படித்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மானாவாரி பொய்த்த பூமியில் பிழைப்புக்கு வழி செய்த முயற்சி அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. தீப்பெட்டியும், பின்னால் வந்த பட்டாசும் அச்சும், இந்தியா முழுவதும் போயின. உள்ளூர் மக்கள் கட்டு ஒட்டினார்கள், குச்சி அடுக்கினார்கள், விடியற்காலையில் ஆலை வேனில் ஏறிப் போய் வந்தார்கள். அவர்கள் முதலாளியின் பேரேட்டில் கூலிக் கணக்காக இருந்தார்கள். வாரா வாரம் கைக்கு வந்த அந்தக் கூலி எந்தக் கடைக்குப் போகிறது என்று பார்ப்பது பேரேட்டின் வேலை இல்லையே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுதொகையின் பலத்தை இந்த வட்டாரத்தைவிட நன்றாக அறிந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. பேட்டைக்கு வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கிய மகமைதான் உறவின்முறைகள் என்ற நாடார் ஊர்ச் சங்கங்களின் பொதுப்பணம். கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அதில் எழுந்தன. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த ஊர் விருதுநகர்; காமராசர் படித்ததும் அந்த ஊரில்தான். ஒரு பிடியை யாரும் அற்பம் என்று தள்ளவில்லை. அதே ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர், கடைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்ததும், பத்து ரூபாய்க்கு வாங்க வருகிறவரை வியாபாரத்தில் சேர்க்க மறுக்கிறார். கொடுக்கும்போது மதிப்புள்ள சிறுதொகை வாங்கும்போது மதிப்பிழந்துவிடுகிறது.

உள்ளூர்க்காரனிடம் வாங்கும் சக்தியும் நாணயமும் உண்டா என்பதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். தீபாவளிச் சீட்டைப் பார்த்தால் போதும். கட்டம் போட்ட சின்ன அட்டை. வாரமோ மாதமோ பணம் கட்டியதும் ஒரு கட்டத்தில் கடைக்காரர் கையெழுத்து. ஐப்பசியில் கட்டங்கள் நிறைந்தால் பட்டாசுப் பெட்டியும் இனிப்பும், சில சீட்டுகளில் எண்ணெயும் மளிகையும் பாத்திரமும் வீட்டுக்கு வரும். இந்த ஏற்பாட்டின் காரணம் மண்ணில் இருக்கிறது. மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலம். விதைக்கும் உழவுக்கும் கையிலிருந்து காசு போகும் நேரம். பணம் வருவது தை, மாசிக்கு மேல். பண்டிகையோ செலவுக் காலத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கக் குடும்பங்கள் கண்ட வழிதான் சீட்டு. இதை வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கடன் கொடுப்பவர் வாடிக்கையாளர், வாங்கியவர் கடைக்காரர். சரக்கைப் பார்க்காமலே, வட்டியும் கேட்காமல், மாதக்கணக்கில் முன்பணம் தருகிறார்கள். சீட்டு நடத்தியவர் கம்பி நீட்டிய செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. அப்படியும் அடுத்த ஆண்டு அட்டை வாங்க ஆள் இருக்கிறது. நம்பத் தகாதவர்கள் யார் என்ற கேள்வியை இந்தச் சங்கதியை வைத்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும்.

இன்னொரு சாட்சி கடலூரிலிருந்து வருகிறது. ஷாம்பு என்றால் பட்டணத்துப் புட்டிச் சரக்கு, கிராமத்துத் தலைக்குச் சீயக்காய் போதும் என்று பெரிய கம்பெனிகள் நம்பியிருந்த காலத்தில், கூலிக்காரனும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலில் தொடங்கிய சிக் ஷாம்பு, கிராமம் கிராமமாகப் போய்ப் பையன்களுக்குத் தலை குளிப்பாட்டிக் காட்டியது. ஐந்து காலி உறை கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றது. பின்னால் ஐம்பது பைசா பாக்கெட்டும் வந்தது. இன்று பன்னாட்டுக் கம்பெனிகளின் சரக்கும் பெட்டிக்கடைக் கயிற்றில் சரம் சரமாகத் தொங்குகிறது. அந்த உறைகள் கண்மாய்க் கரையில் குப்பையாகச் சேர்வது தனி வழக்கு. அதற்கு அந்தக் கம்பெனிகள் பதில் சொல்லட்டும். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வாங்குபவரின் ஆசை புதிதாகப் பிறக்கவில்லை, அவர் கைக்கு எட்டும் அளவில் சரக்கு வந்ததுதான் புதிது. அகமதாபாத்தில் 1969இல் தொடங்கிய நிர்மா சலவைத்தூளும் அதைத்தான் நிரூபித்தது.

எதிர்வாதங்கள் உண்டு, லேசானவையும் அல்ல. மழை பொய்த்தால் இந்த ஊர்களில் நிஜமாகவே காசு இல்லை. கடன் நிலுவையில் நின்றே மூடிய மளிகைக் கடைகள் உண்டு. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையை யாரும் வேடிக்கைக்காக மாட்டுவதில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கமிஷன் மண்டிக்காரர், வெள்ளாமை வீடு வந்து சேருமுன்பே அதே சம்சாரிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். பருத்தி தருபவனாக நம்பியவனை சோப்பு வாங்குபவனாக நம்ப முடியவில்லை என்றால், பிரச்சினை ஆளின் குணத்தில் இல்லை. மண்டிக்காரர் தவணையை அறுவடையோடு கட்டினார். மளிகைக்காரர் மாதப் பிறப்போடு கட்டுகிறார். மாதச் சம்பளக்காரனுக்கு வகுத்த தவணை கரிசல்காட்டுக்கு ஒத்துவராது. கடன் கொடு என்று நான் சொல்லவில்லை. கொடுத்தால் பணம் வரும் மாதத்தைப் பார்த்துக் கொடு என்கிறேன்.

இதைவிடக் கனமானது இன்னொரு வாதம்: கையில் காசிருந்தும் உள்ளூர்க்காரன் ஜவுளிக்கும் நகைக்கும் வெளியூர்தானே போகிறான்? போகிறான். பத்துப் புடவை பார்க்க வேண்டிய இடத்தில் நூறு பார்க்கிறான் என்பது ஒரு காரணம். அதில் சிறு கடைக்காரர் போட்டி போட முடியாது. ஆனால் மற்ற காரணங்கள் சரக்கைச் சேர்ந்தவை அல்ல. உள்ளூர்க் கடையில் வாங்கினால் என்ன வாங்கினாள், எவ்வளவுக்கு வாங்கினாள் என்பது சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். பாக்கி வைத்தவர் சரக்கு சரியில்லை என்று வாய் திறக்க முடியாது. சொந்தக்காரருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்ற சந்தேகமும், சாதி பார்த்து உபசரிக்கும் கடைகளின் நினைவும் இன்னும் போகவில்லை. மதுரைக் கடையில் பணம் மட்டும் பேசுகிறது. அங்கே போகிறவர் வாங்குவதில் பாதி அந்த மரியாதை. எழுதி ஒட்டிய விலை, மாற்றித் தரும் பழக்கம், கேள்வி கேட்காத வாய் ஆகியவற்றுக்குப் பெரிய முதல் தேவையில்லை.

வெளியூர் வாடிக்கையே பத்திரம் என்ற நினைப்பையும் சோதித்துப் பார்க்கலாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்ததும் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால் டெல்லியின் காற்றைப் பற்றி எழுந்த வழக்கு அது. தூரத்து வாடிக்கை அளவில் பெரிது. அதன் மேல் நமக்குக் கைப்பிடி கிடையாது. அதற்காகச் சிவகாசி இந்தியாவுக்கு விற்காமல் இருக்க முடியாது, விருதுநகர் மண்டியைச் சாத்த முடியாது. மல்லாங்கிணற்றில் கடை போடுபவருக்குத் துறைமுகமும் கிடையாது, டெல்லி ஏஜெண்டும் கிடையாது. மண்டிக்காரரின் கண்ணை இரவல் வாங்கி அவர் என்ன செய்யப் போகிறார்?

கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்த ஊர் என்றும் அரசியல் தலைவர்களின் ஊர் என்றும் வெளியே அறியப்பட்ட மல்லாங்கிணற்றுக்கு வியாபாரப் பெயர் கிடையாது. அந்தப் பெயர் வருமா வராதா என்பதைப் பற்றிக் கடைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வேலை மட்டும் செய்யலாம்: கடந்த மூன்று ஆண்டுப் பற்று நோட்டை எடுத்து, பங்குனி முடிவதற்குள் பாக்கியைத் தீர்த்தவர் எத்தனை பேர், தீர்க்காதவர் எத்தனை பேர் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் உள்ளூர்க்காரன் வாங்கமாட்டான் என்று அவர் சொன்னால், ஒப்புக்கொள்ளலாம்.