ராஜா போட்ட சண்டையும் ஊர் காத்த உறவும்

மேயர்கள் வெளிநாட்டு நகரங்களோடு ஒப்பந்தம் போடுவதை ஏதோ புதுசு மாதிரி பேசுகிறோம். கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமானூர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில்தான் கடாரம் கொண்ட ராஜேந்திரன் இருந்து ஆண்டார். ஆனால், அந்தக் கடாரத்தோடு உறவைக் காப்பாற்றியது தலைநகர் இல்லை, நாகப்பட்டினம்!

1006 வாக்கில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணிவர்மர் பெயரில் அங்கே ஒரு புத்த விகாரம் எழும்பியது. பெரிய சிவபக்தரான ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்து வருவாயையே அதற்கு எழுதிக் கொடுத்தார். சும்மா இல்லை. சீனா போகும் கப்பல்களுக்கு மலாக்கா நீரிணைதான் வாசல். அதன் சாவி ஸ்ரீவிஜயத்தின் கையில். அங்கிருந்து வரும் வியாபாரி நாகையில் இறங்கினால் கும்பிட ஓர் இடம் வேண்டாமா?

1025-ல் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை ஏவி, அதன் அரசரையே சிறைபிடித்தார். அத்தோடு விகாரமும் போச்சு என்றுதானே நினைப்போம்? போகவில்லை. 1090-ல் கடாரத்துத் தூதர்கள் இரண்டு பேர் வந்து கேட்க, விகாரத்து ஊர்களுக்கு வரிச்சலுகையைச் செப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்தார் குலோத்துங்கன். அதற்குள் நாகை விகாரத்துக்கு 'ராஜராஜப் பெரும்பள்ளி' என்று சோழப் பெயர் வேறு!

பிற்பாடு அந்தச் செப்பேடுகளை டச்சுக்காரர்கள் ஹாலந்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நாகையில் மிச்சமிருந்த பழைய பௌத்தக் கோபுரமும் 1867-ல் இடித்துத் தள்ளப்பட்டது.