படை எடுத்தால் ஊர் தேயுமா?

மீமிசலுக்கு லீவில் வந்த இடத்தில் ரெண்டு நாளா மழை. லேப்டாப்பில் பழைய 'ரோம்: டோட்டல் வார்' (2004). அதில் ஒரு படைப்பிரிவு எடுத்தால் அத்தனை தலை ஊர் மக்கள்தொகையில் குறையும். 2000 பேர் சேர்ந்தால்தான் ஊர் அடுத்த கட்டத்துக்குப் போகும். நான் ஆள் எடுத்து எடுத்தே ஊரைத் தேய்ச்சு, கடைசியில் தோத்தும் போனேன் :-)

அப்பதான் தொண்டைமான்கள் ஞாபகம் வந்தது. (எங்க ஊர் அவங்க சீமை இல்லீங்க, புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-ல் மாவட்டம் பிறந்தப்பதான் நாங்களும் புதுக்கோட்டைக்காரங்க ஆனோம்.) படைவீரனுக்கு அவங்க கொடுத்தது நிலம். பேரு அமரம். சண்டைன்னா ஈட்டி, இல்லேன்னா ஏர். ஆள் எடுப்பதும் குடியமர்த்துவதும் ஒரே வேலை, கஜானாவும் கரையாது. விளையாட்டில் இப்படி ஒரு பட்டன் இல்லையே!

வில்லங்கம் பின்னாடி வந்தது. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகும் அமரக்காரர் இருந்தாங்க, நிலமும் இருந்தது. 1888 இனாம் செட்டில்மெண்டில், திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், ஊழியத்தை நீக்கி, நிலத்துக்கு வரி போட்டு முடிச்சாங்க.

விளையாட்டிலும் படையை ஊருக்குள் கலைச்சா அந்தத் தலைகள் மக்கள்தொகையில் சேர்ந்துடும். ராத்திரி அதைத்தான் செஞ்சு பாக்கணும், கரண்ட் இருந்தா.