'உலோகமற்ற' வினையூக்கியும் கார்பன் மோனாக்சைடின் சாட்சியமும்

நைட்ரஜன் ஏற்றிய கார்பன் நானோகுழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்துக்கு நிகராக ஆக்சிஜனை ஒடுக்குகின்றன என்று 2009இல் வெளியான முடிவை நான் மறுக்கவில்லை. அந்த மின்னோட்டம் உண்மையானது. அதற்கு 'உலோகமற்ற' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்ட விதமே இங்குக் கேள்வி.

அக்குழாய்கள் இரும்பு தாலோசயனைனைச் சூட்டில் பகுத்து வளர்க்கப்பட்டவை. அதன் உடன்பிறப்பான கோபால்ட் தாலோசயனைன் 1964லேயே காரக் கலத்தில் ஆக்சிஜனை ஒடுக்கிக் காட்டியிருந்தது. மிச்ச இரும்பை மின்வேதி முறையில் அகற்றிவிட்டதாகச் சொல்லப்பட்டது. அகன்றதற்கு ஆதாரமாகப் பின்வந்தோர் திரும்பத் திரும்பக் காட்டுவது கார்பன் மோனாக்சைடு சோதனையை. அவ்வாயு பிளாட்டினத்தை இறுகப் பற்றி வினையை முடக்கும். குழாய்களை முடக்கவில்லை, ஆகவே உலோகம் இல்லை என்பது வாதம்.

பிளாட்டினம் இல்லை என்பதற்கு மேல் இச்சோதனை எதையும் நிறுவவில்லை. வெப்பப்பகுப்பில் உருவாகும் இரும்பு–நைட்ரஜன் தலங்கள் அறைவெப்பத்தில் கார்பன் மோனாக்சைடைப் பொருட்படுத்துவதே இல்லை. அத்தலங்களை அவ்வாயுவைக் கொண்டு எண்ண முயன்றவர்கள் மாதிரியை உறைநிலைக்குக் கீழே 80 பாகை வரை குளிர்விக்க நேர்ந்தது. கேட்க வேண்டிய சாட்சி சயனைடு. அது இரும்புத் தலங்களை உண்மையாகவே முடக்கும். அதைக் கேட்காமல், எதுவும் அறியாத சாட்சியின் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

உலோகம் நீங்கியதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அமிலக் கழுவலும் இப்படித்தான். இரும்பை வேண்டுமென்றே சேர்த்துச் செய்யும் வினையூக்கிகளையும் சூடான கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் ஊறவைக்கிறோம். உலோகத் துகள்கள் கரைந்து போகின்றன. நைட்ரஜன் பிணைத்த தனி அணுக்கள் பெரும்பாலும் எஞ்சுகின்றன. கழுவியது களையையே ஒழிய வேரை அல்ல.

எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் இரும்பு தென்படவில்லையே என்பார்கள். அக்கருவியின் கண்டறியும் எல்லை ஏறத்தாழ 0.1 அணு விழுக்காடு: ஆயிரம் அணுக்களுக்கு ஓர் இரும்பு. கார்பனின் அணு எடை 12, இரும்பினது 56 என்பதால், எடையில் இது சுமார் 0.47 விழுக்காடு. கிராமுக்கு 5×10¹⁹ அணுக்கள் கண்ணில் படாமலே இருக்க இடமுண்டு. நல்ல இரும்பு–நைட்ரஜன்–கார்பன் வினையூக்கிகளில் அளவிடப்பட்ட தலங்களின் எண்ணிக்கையே கிராமுக்கு 10¹⁹ஐ ஒட்டியதுதான். இக்கணக்கு இரும்பு இருந்தது என்று நிறுவாது. ஆனால் அதன் இன்மையை அந்த நிறமாலையால் நிறுவ முடியாது என்பதற்குப் போதும்.

உலோகம் தொடாத கிராஃபைட் பரப்பில் பிரிடின் வகை நைட்ரஜன் தானே வினைபுரிவதாகக் காட்டிய ஆய்வை எதிர்வாதமாக வைக்கலாம். அது வேறு பொருள். அதன் தூய்மையை இரும்பில் பிறந்த குழாய்களுக்குக் கடன் தர முடியாது. ஆக்சிஜனேற்றிய கிராஃபைட்டிலிருந்து செய்த மாதிரிகளும் உலோக ஐயத்துக்கு விதிவிலக்கல்ல. அவற்றுக்குப் பெர்மாங்கனேட் வழியே மாங்கனீசு வந்து சேர்ந்திருக்கும்.

பெயர்ச் சண்டை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் விளைவு பெயரோடு நிற்பதில்லை: தலம் இரும்பானால், அமில எரிபொருள் கலத்தில் அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஃபென்டன் வினையைத் தூண்டிச் சவ்வையே அரிக்கக்கூடும். அதைத் தடுக்கும் வழி நைட்ரஜனைத் தேடுவோர் கண்ணில் படாது.

இரும்பு தாலோசயனைனிலிருந்து வளரும் அதே குழாய்களை இரும்பே இல்லாமல் வளர்த்து ஒப்பிட வழியில்லை. ஆனால் சில பத்து முதல் சில ஆயிரம் பிபிஎம் வரை இரும்பைப் படிப்படியாகச் சேர்த்து, ஒவ்வொரு மாதிரியையும் முழுமையாகக் கரைத்துப் பிளாஸ்மா நிறை நிறமாலையில் எண்ணி, மின்னோட்டத்தை அவ்வெண்ணுக்கு எதிரே வரைய முடியும். கோட்டைப் பூச்சிய இரும்புக்கு நீட்டும்போது எஞ்சும் மின்னோட்டம்தான் நைட்ரஜனுக்கு உரியது. அது பெரிதாக இருக்காது என்பது என் எதிர்பார்ப்பு.