ஒரு தரம்... ரெண்டு தரம்... இணையத்தில் ஏலம் வந்த கதை

ஏலம் என்பது கரிசல்காட்டுக்குப் புதிதல்ல. கண்மாய் மீன் ஏலம், கருவேல மரம் வெட்ட ஏலம், கோவில் கொடை முடிந்ததும் சாமி முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்துக்கு ஏலம் என்று குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்தில் பிறந்த யாரும் "ஒரு தரம், ரெண்டு தரம்" கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. இந்த ஏலங்களில் எல்லாம் பொருள் கண் முன்னால் இருக்கும். விற்பவர் யார், அவருடைய அப்பா யார் என்பது வரை கேட்பவருக்குத் தெரியும். ஏமாற்றினால் மறுநாள் டீக்கடையில் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே!

இது எதுவுமே இல்லாமல், முகம் தெரியாத இரண்டு பேர் ஏலம் நடத்த முடியுமா?

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. சரியாக 19 நாள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவில் பியர் ஓமிட்யார் என்ற நிரலாளர் 'ஆக்ஷன்வெப்' என்ற தளத்தைத் தொடங்கினார். பாரீஸில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அதில் விற்ற முதல் பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று வாங்கியவரிடம் ஓமிட்யார் கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாம். 1997-ல் தளத்தின் பெயர் 'ஈபே' ஆனது. (காதலிக்காக மிட்டாய் டப்பா சேகரிக்கத்தான் அவர் இதைத் தொடங்கினார் என்று ஒரு அழகான கதை ரொம்ப நாள் உலவியது. அது பத்திரிகைகளுக்காக நிறுவனமே கட்டிவிட்ட கதை என்பது 2002-ல் வெளிவந்தது!)

டீக்கடைக்குப் பதிலாக ஓமிட்யார் வைத்தது 1996-ல் வந்த 'பின்னூட்டம்'. விற்றவருக்கு வாங்கியவர் மதிப்பெண் போடலாம். நல்ல அனுபவம் என்றால் ஒன்று கூடும், மோசம் என்றால் ஒன்று குறையும். அந்த எண் பெயருக்குப் பக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். புதிதாக விற்க வருபவருடைய எண் பூஜ்யம். அதனால் அனுபவசாலிகள் முதலில் சின்னச் சின்னப் பொருள்களை வாங்கிப் பெயர் சேர்த்துக்கொண்டு பிறகுதான் விற்க இறங்கினார்கள்.

இன்னொரு ஏற்பாடும் கெட்டிக்காரத்தனமானது. ஏலம் பல நாள் நடக்கும், அத்தனை நாளும் கணினி முன்னால் உட்கார முடியாது. "என் உச்ச விலை 500" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும். அடுத்தவர் 200 வரை கேட்டால், தளம் உங்கள் சார்பில் 200-ஐச் சற்றே தாண்டி நிறுத்திக்கொள்ளும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் வேலையை ஒரு நிரல் செய்தது, அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது பாஸீ.காம். ஹார்வர்டில் ஒன்றாகப் படித்த அவ்னிஷ் பஜாஜ், சுவீர் சுஜன் இருவரும் 2000-ல் மும்பையில் தொடங்கினார்கள். 2004 ஜூனில் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே அதை வாங்குவதாக அறிவித்தது. பதிவு செய்தவர்கள் அப்போதே 10 லட்சத்துக்கு மேல்.

அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஒரு கல்லூரி மாணவர் ஆபாச வீடியோ ஒன்றைத் தளத்தில் விற்பனைக்குப் போட்டார். புகார் வந்து இரண்டு நாளில் அது நீக்கப்பட்டது. ஆனாலும் டிசம்பர் 17 அன்று டெல்லியில் கைதானவர்களில் ஒருவர், தலைமை அதிகாரி பஜாஜ்! நான்கு நாளில் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சந்தையில் ஒருவன் திருட்டுப் பொருள் விற்றால் சந்தைக் குத்தகைதாரரைப் பிடித்து உள்ளே போடுவதா என்ற கேள்வி அன்று நாடு முழுக்க எழுந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டு, உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் 79-ஆம் பிரிவு 2009 அக்டோபரில் புது வடிவில் நடைமுறைக்கு வந்தது. பஜாஜ் மீதான வழக்கு ரத்தானதோ 2012-ல்தான், அதுவும் நிறுவனத்தை வழக்கில் சேர்க்கவில்லை என்ற சட்டக் காரணத்தால். இன்று இணையத்தில் கடை விரிக்கும் ஒவ்வொரு தளமும் அந்தக் கைதுக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சின்ன ஊர்க்காரர்களுக்கு வழி திறந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. ஈபேயின் 'பைசாபே' முறையில் வாங்குபவர் கட்டும் பணத்தைத் தளம் கையில் வைத்துக்கொண்டு, பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவர் வங்கிக் கணக்கில் போட்டது. யோசித்தால் நம் தபால்காரர் வி.பி.பி.யில் பல தலைமுறையாகச் செய்த அதே நடுவர் வேலை.

கரிசல் பூமியில் வீட்டிலிருந்தபடியே ஏலத்துக்கு விட என்ன இருந்தது? தீப்பெட்டி! கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தொழிற்சாலைகள் வருடக்கணக்காக அச்சடித்த புலி, மயில், சாவி, நடிகர் படங்கள் போட்ட லேபிள்களைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2007 முதல் 2021 நவம்பர் வரை ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி அது. அதன் பழைய லேபிளுக்குக் குச்சிகளை விட விலை அதிகம். தீக்குச்சியைத் தபாலில் அனுப்பத் தடை உண்டு. லேபிளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, காயவைத்து, அட்டைகளுக்கு நடுவே வைத்து உறையில் அனுப்பினால் போதும், தபால் செலவும் குறைவு. உண்மையில், புதிதாகத் தொடங்குபவர் கணக்குப் போடாமல் கோட்டை விடும் இடமே தபால் செலவுதான். 50 ரூபாய் லேபிளுக்கு ஏலம் கூடவில்லை என்று வருத்தப்படுபவர், வாங்குபவர் அதோடு தபால் செலவையும் கூட்டித்தான் பார்ப்பார் என்பதை மறந்துவிடுகிறார்.

ஆனால் இந்திய ஏலம் நிலைக்கவில்லை. 2007-ல் பிளிப்கார்ட் வந்தது, நிலையான விலைக்குப் பழகிய வாங்குபவர்கள் ஏழு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. 2017-ல் ஈபே தன் இந்தியத் தொழிலையும் 50 கோடி டாலரையும் பிளிப்கார்ட்டுக்குக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டது. 2018 ஆகஸ்ட் 14 அன்று ஈபே இந்தியத் தளம் மூடப்பட்டது. ஈபேயின் அமெரிக்கத் தளம் வழியாக வெளிநாட்டுக்கு விற்கும் கதவு மட்டும் மூடப்படவில்லை. சிவகாசி, கோவில்பட்டி லேபிள்கள் அந்த வழியில் இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன.