சேமக்கலமும் மதகும்

பழைய பௌதிகப் பாடநூல்களில் ‘சேமக்கலம்’ என்றொரு சொல் உண்டு. மின்சாரத்தை ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் கலத்துக்கு அக்காலத்தவர் இட்ட பெயர் அது. இன்று எல்லோரும் பேட்டரி என்கிறோம், அதில் பிழையொன்றுமில்லை. ஆயினும் சேமம் என்ற சொல்லுக்குள் காவல், நலம், இருப்பு என்ற மூன்று பொருளும் அடங்கியிருப்பதால் அந்தப் பழைய பெயரின்மேல் நமக்கு ஒரு பற்று. ஒரு தெருவோ ஓர் ஊரோ தன் கூரைகளில் விழும் வெயிலைப் பகலில் மின்சாரமாக்கிப் பொதுவான ஒரு கலத்தில் சேர்த்து, இரவில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இப்போது பல நாடுகளில் பேசப்படுகிறது. பேசுகிறவர்கள் அதைப் புத்தம் புதியதாகவே பேசுகிறார்கள். ஆனால் தெருவுக்கு ஒரு சேமக்கலம் என்ற எண்ணம் நகரங்களுக்கு மின்விளக்கு வந்த நாளிலேயே பிறந்துவிட்டது. அதன் கதையைப் புரட்டும்போது கலத்தின் வேதியியலைவிட வேறொரு கேள்வியே அடிக்கடி தலைகாட்டுகிறது: மதகைத் திறப்பவர் யார்?

பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத்தகடுகளையும் அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தைச் செய்தார். அது ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே இருந்தது. 1881இல் அவர் நாட்டவரான கமீல் ஃபோர், தகடுகளின்மேல் ஈய ஆக்சைடைப் பசையாகப் பூசி, கலத்தின் கொள்ளளவைப் பெருக்கினார். அந்த ஆண்டின் மே மாதத்தில் ஃபோரின் கலங்கள் நான்கு, ஒரு கன அடிப் பெட்டியில் பாரிசில் மின்னேற்றப்பட்டு, 72 மணி நேரப் பயணத்துக்குப் பின் கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சனிடம் வந்து சேர்ந்தன. பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்த அதே தாம்சன்தான். பாரிசில் நிரப்பிய மின்சாரம் கடல் கடந்தும் பெட்டிக்குள் அப்படியே இருந்ததைக் கண்டு அவர் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்து ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். ஓடுவதே இயல்பான ஒன்றை நிறுத்தி வைக்கலாம் என்பது அன்றைக்கு அவ்வளவு பெரிய செய்தி.

எல்லோரும் மகிழவில்லை. 1882இல் நியூயார்க்கின் பேர்ள் தெருவில் மின்நிலையம் திறந்த எடிசன், சேமக்கலத்தை ஏமாற்று வியாபாரம் என்றே கருதினார். மனிதருக்குள் உறங்கும் பொய்சொல்லும் ஆற்றலை அது எழுப்பிவிடுகிறது என்னும் பொருள்பட 1883இல் சொல்லியும் வைத்தார். பங்குச் சந்தைக்காரர்கள் அந்தக் கலத்தை விற்ற விதத்தைப் பார்த்தால் அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முழுவதும் இதே எடிசன் நிக்கல், இரும்புத் தகடுகளோடு மல்லுக்கட்டித் தமக்கென ஒரு சேமக்கலத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையே லண்டனின் செல்சி பகுதியில் 1889 அளவில் நடந்த ஏற்பாடு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. மின்நிலையத்திலிருந்து உயர் அழுத்தத்தில் வந்த நேர்மின்சாரம் குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்த துணைநிலையங்களின் சேமக்கலங்களை நிரப்பியது. வீடுகளுக்குக் குறைந்த அழுத்தத்தில் விளக்கெரித்தவை அந்தக் கலங்களே. ஐரோப்பாவின் சிறு நகரங்கள் பலவற்றிலும் நள்ளிரவுக்குப்பின் நீராவி எந்திரத்தை அணைத்துவிட்டு, விடியும்வரை சேமக்கலத்தால் ஓட்டுவது வழக்கமாயிருந்தது. எந்திரமும் உறங்கியது, கரியள்ளுபவனும் உறங்கினான். கண்ணாடித் தொட்டிகளில் அமில வாடையோடு வரிசையாக நின்ற அந்தக் கலங்களை இன்று அருங்காட்சியகப் படங்களில் காணலாம்.

மாறுமின்சாரம் வென்றபோது இவை மறைந்தன. அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் மின்மாற்றி ஒன்றே போதும் என்றானபின், நூறு மைல் தொலைவிலிருந்தும் மின்சாரம் கொண்டுவரலாம். தெருவில் எதற்குக் களஞ்சியம்? உண்டாகும் கணத்திலேயே செலவழிந்தாக வேண்டிய பொருளாக மின்சாரம் மாறிற்று. ஏரி இல்லாத ஆறு என்று அதைச் சொல்லலாம். நிலக்கரியும் அணைநீரும் உள்ளவரை அந்த ஆறு வற்றாது என்ற நம்பிக்கையில் ஒரு நூற்றாண்டு கழிந்தது. கம்பி எட்டாத இடங்களில்தான் நம்பிக்கை பொய்த்தது.

அப்படி ஓர் இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக்கரையை அடுத்த எய்க் தீவு. நூறு பேர் அளவே வாழும் அந்தத் தீவு நெடுங்காலம் ஒரு நிலவுடைமையாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. 1997 ஜூனில் குடிகளே ஓர் அறக்கட்டளை அமைத்துத் தீவை விலைக்கு வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு டீசல் எந்திரம் உறுமிக்கொண்டிருந்த நிலை 2008 பிப்ரவரியில் மாறியது. ஓடைநீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் எடுத்த மின்சாரம் பொதுவான ஈய அமிலக் கலங்களின் துணையோடு முதன்முறையாக 24 மணி நேரமும் கிடைத்தது. நம்மை ஈர்ப்பது அங்குள்ள ஒரு விதி. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. வணிக நிலையங்களுக்கு 10. மீறினால் இணைப்பு தானே அறுந்துவிடும். செல்வர் வீடு, எளியவர் வீடு என்ற பேதமில்லை. கலங்களைப் பேணுபவர்களும் பயிற்சி பெற்ற தீவுக்காரர்களே. கலம் நிரம்பி மின்சாரம் மிஞ்சும் நாட்களில் அது ஊர் மண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கப் போகிறது.

தென் மாவட்டத்து ஏரிப்பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஊர் ஆள். அவருக்கு உரிய நெல்லை ஊரே அளந்தது. ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். எய்க் தீவினர் நம் ஏரிகளைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பொதுச்சேமிப்பு நிலைக்கவேண்டுமானால் வந்தடைந்தாக வேண்டிய ஏற்பாடுகள் சில உண்டு போலும்.

வந்தடையாத இடத்துக்குச் சான்று பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்ணாய். முப்பதாண்டுகளுக்கு மேலாக மின்சாரம் இழந்திருந்த அந்த ஊரில் 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து 100 கிலோவாட் சூரியமின் தொகுப்பைக் கலங்களோடு நிறுவியது. ஏறத்தாழ 450 வீடுகள், 2,400 மக்கள், தெருவிளக்குகள், பள்ளிகள், நீரிறைக்கும் எந்திரங்கள் என்று கணக்கு பெரிதாகவே இருந்தது. நாடெங்கும் செய்தியாயிற்று. அவ்வாண்டு நிதிஷ் குமார் அங்கு வந்தபோது ஊரார் அவரிடம் கேட்டது ‘அசலி பிஜிலி’, அதாவது அசல் மின்சாரம். வெயிலில் விளைந்தது அவர்களுக்குப் போலி. விரைவில் மின்வாரியக் கம்பியும் வந்துவிட்டது, யூனிட்டுக்குப் பாதிக்கும் குறைவான விலையில்.

இதை எழுதியவர்களில் பலர் கிராமத்தாரின் அறியாமையைக் கண்டு நகைத்தார்கள். வேறு சிலர் தொண்டு நிறுவனத்தின் அகந்தையைக் கண்டு நகைத்தார்கள். நமக்கு இரண்டும் உவப்பாயில்லை. மாலையில் விளக்கும் மின்விசிறியும் ஓடப் போதுமான கலத்தில் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் சேர்ந்தால் கலம் காலியாகும், காலியானால் இருள். நகரத்து வீட்டில் எவரும் ‘இன்று குளிர்பெட்டி வேண்டாம்’ என்று சொல்லப்படுவதில்லை. தங்களுக்கு மட்டும் ஏன் அளந்து ஊற்றும் மின்சாரம் என்று ஏழைகள் கேட்டதில் என்ன அறியாமை இருக்கிறது? எய்க் தீவினர் அளவைத் தாமே விதித்துக்கொண்டார்கள். தர்ணாய்க்கு அளவு வெளியிலிருந்து வந்தது. அதிலும் பெரிய வேறுபாடு, எய்க் தீவுக்கு மலிவான கம்பி வரும் வழி இல்லை. 2021இல் செய்தியாளர்கள் தர்ணாய்க்குப் போனபோது கலங்கள் செத்திருந்தன. நிலையம் இருந்த இடத்தில் மாடுகள் கட்டப்பட்டிருந்தன.

கம்பி இருந்தும் களஞ்சியம் தேவைப்பட்ட இடம் ஆஸ்திரேலியா. அங்கே மூன்று வீடுகளில் ஒன்றுக்கு மேல் கூரையில் சூரியத்தகடு ஏறிவிட்டது. நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒருசேர மின்சாரத்தைத் தெருக்கம்பியில் தள்ளுகின்றன. அழுத்தம் வரம்பு மீறுகிறது. தகடுகளின் மின்மாற்றுக் கருவிகள் தாமே அணைந்துகொள்கின்றன. விளைந்த நெல்லைக் களத்திலேயே விடுவது போன்றது இது. பெர்த் நகருக்கு வடக்கே ஆல்கிமோஸ் பீச் என்ற புதுக்குடியிருப்பில் 2016இல் 1,100 யூனிட் கொள்ளும் லித்தியம் கலம் வைக்கப்பட்டது. 2018இல் மாண்டுராவின் மெடோ ஸ்பிரிங்ஸ் பகுதியில் 420 யூனிட் கொள்ளும் இன்னொன்று. இதில் 52 வீட்டார் நாளுக்கு ஒரு டாலர் கொடுத்து ஆளுக்கு 8 யூனிட் இடத்தை வாடகைக்குப் பெற்றார்கள். பகலில் இட்டதை மாலையில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மாநில அரசின் மின்நிறுவனங்கள் நடத்தியவை. ஊராருக்கு அங்கே வாடிக்கையாளர் என்ற இடமே. மெல்பேர்னின் ஃபிட்ஸ்ராய் நார்த் பகுதியில் 2022இல் ஓர் உள்ளூர் அமைப்பு வைத்த கலம் அளவில் சிறியது. ஆனால் பெட்டியின்மேல் ஓவியம் தீட்டித் தெருவின் சொத்தாகக் காட்டிக்கொள்ளும் ஆசை அதில் தெரிந்தது.

அதே 2022இல் நாடெங்கும் 400 தெருக்கலங்களுக்கு 20 கோடி டாலர் என்று தேர்தலில் வென்ற கட்சி வாக்களித்திருந்தது. 2025 ஜூலையிலோ அதே கட்சியின் அரசு வீட்டுக்கலங்களுக்கு விலைத்தள்ளுபடி தொடங்கியது, வாங்குவோர் குவிந்தார்கள். வீட்டுக்கு வீடு கலம் வந்துவிட்டால் தெருக்கலம் எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு வந்தபின் கண்மாயைத் தூர்வார யார் போனார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடியிருப்பினருக்குத் தெருக்கலம் ஒன்றே வழி. அவர்களுடைய குரல் இந்த விவாதத்தில் மெலிந்தே ஒலிக்கிறது.

இனி நம் மொழி வழங்கும் கடலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தை அடுத்த எழுவைதீவில் 2010களின் பிற்பாதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு ஒரு சிறு கலப்பு மின்நிலையம் அமைந்தது: 46 கிலோவாட் சூரியத்தகடுகள், சிறு காற்றாலைகள், 110 யூனிட் கொள்ளும் லித்தியம் கலம், துணைக்கு ஒரு டீசல் எந்திரம். அதைப் பற்றி வெளியுலகம் ஒன்றும் பேசவில்லை. அடுத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதேபோல் செய்வதென்று முடிவாகி, 2021 ஜனவரியில் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு ஒப்பந்தம் ஒதுக்கப்பட்டபோதுதான் உலகம் விழித்தது. இராமேசுவரத்திலிருந்து 50 கிலோமீட்டர் அளவிலான தொலைவில் சீனரா என்று தில்லி எதிர்த்தது. டிசம்பரில் சீனத் தூதரகம் பணி நிறுத்தத்தை அறிவித்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாம். அந்த நிறுவனம் மாலத்தீவின் 12 தீவுகளுக்குப் போய்விட்டது. அம்மாதமே சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி உடுத்து நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுச் சென்றதையும் நாளேடுகள் படத்தோடு வெளியிட்டன.

2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்குப் பணி ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவின் மானியம் ஏறத்தாழ 1.1 கோடி டாலர். மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாட் வெயில், 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் கொள்ளும் கலங்கள், காத்திருப்பில் 2,500 கிலோவாட் டீசல். மாண்டுராவின் கலத்தைப்போல் ஆறு மடங்கு என்று சொன்னால் அளவு விளங்கும்.

கையெழுத்திட்டவை இலங்கையின் நிலைபெறு எரிசக்தி அதிகார சபை, இந்திய அரசு, அந்நிறுவனம் ஆகிய மூன்று தரப்புகள். கலங்கள் தீவுகளில் நிற்கும். குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் போகவேண்டிய ஊர்களில் ஒரு கருவி பழுதானால் ஆள் வந்து சேர எத்தனை நாளாகும் என்பதைத் தீவுக்காரர்கள் அறிவார்கள். லித்தியம் கலம் நன்கு பேணினால் பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும், பிறகு மாற்றவேண்டும். அதற்கான பணத்தை யார், எங்கே, மாதந்தோறும் எவ்வளவு சேர்த்துவைப்பார்கள் என்று நாம் வாசித்த செய்திகளில் தேடினோம். டாலர்களும் கிலோவாட்டுகளும் கிடைத்தன.